திருகோணமலையில கஜு நடப் போறீங்களா? காணிப் பேப்பர்ல இருந்து பருப்புப் பக்கெட் வரைக்கும்

திருகோணமலைப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மேட்டுக்காணி வச்சுக்கொண்டு, தண்ணி வசதியும் இல்ல, நெல்லும் சரிவராது, என்னத்தப் போடலாம் எண்டு யோசிக்கிற ஆக்கள் கனபேர். கேட்டா எல்லாரும் சொல்ற பதில் ஒண்டுதான், "கஜுவ வை, அது தன்பாட்டுல வளரும்". வளரும்தான், அதுல பொய்யில்ல. ஆனா மரத்துக்கு முன்னால காணிப் பேப்பர் இருக்கு, கண்டு எடுக்கிற வேலை இருக்கு, வேலி இருக்கு, காய்ச்ச பிறகு கொட்டைய உடைக்கிற வேலை இருக்கு, இதெல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சு ஆரும் சொல்லித் தாறதில்ல. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கித்தான் நான் தெரிஞ்சுகொண்டன். புதுசா தொடங்கிறவங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒரு விசயத்த மட்டும் கடைசி வரைக்கும் மனசுல வச்சுக்கொள்ளுங்க. கண்டு நடுற நாளத் தீர்மானிக்கிறது ஐப்பசி மழை. அந்த மழையில இருந்து பின்னோக்கி எண்ணித்தான் பேப்பர் வேலை, வேலி வேலை, குழி வேலை எல்லாம் தொடங்க வேணும். மழை வந்த பிறகு பைல் தொடங்கினா அந்த வருஷம் போச்சு.

1. மரத்தப் பற்றி இவ்வளவாவது தெரிஞ்சிருக்க வேணும்

பேப்பர்ல மரமுந்திரிகை எண்டு போடுவாங்க, சந்தையில கஜு. தாவரவியல் பேர் அனக்கார்டியம் ஒக்சிடென்டாலே, சொந்த ஊர் பிரேசில்ல வடகிழக்குப் பக்கம். மாமரமும் சேராங்கொட்டை மரமும் இதுவும் ஒரே குடும்பம், அதாலதான் தோட்டுல இருக்கிற பால் சேரான் மாதிரியே தோலச் சுடும், அத உடைக்கிற இடத்துல விரிவாச் சொல்றன்.

பூங்கொத்து கிளை நுனியில வரும். ஒரே கொத்துல ஆண் பூவும் இருக்கும், ஆணும் பெண்ணும் சேர்ந்த பூவும் இருக்கும், சேர்ந்த பூ மட்டும்தான் காய்க்கும், அதுவும் எல்லாம் இல்ல. கொத்து நிறையப் பூவப் பாத்துட்டு இவ்வளவு கிலோ வரும் எண்டு கணக்குப் போட வேண்டாம்.

காய் பிடிச்ச பிறகு ஒருக்கா கிட்டப் போய்ப் பாருங்க. முதல்ல வளர்றது கொட்டைதான். பச்சை நிறத்துல, வளைஞ்சு, காம்பு நுனியில தொங்கும், ஒரு மாசமளவில முழுப் பருமனுக்கு வந்துடும், அந்த நேரம் பழம் எண்டு ஒண்டுமே இருக்காது, வெறும் காம்புதான். பிறகு கொட்டை சாம்பல் நிறமாகி இறுகிக் கொஞ்சம் சுருங்கும், அதுக்குப் பிறகுதான் காம்பு கிடுகிடெண்டு ஊதிச் சிவப்பாவோ மஞ்சளாவோ பழமாகும். பூவில இருந்து கொட்டை முத்த கிட்டத்தட்ட ரெண்டு மாசம். நாங்க பழம் எண்டு சொல்றது வீங்கின காம்பு, உண்மையான பழம் அந்தக் கொட்டை. இது தெரிஞ்சா எப்ப பொறுக்க வேணும் எண்ட குழப்பம் வராது.

2. காணி: மண்ணையும் பேப்பரையும் ஒண்டாப் பாருங்க

மண்ணுக்கு இந்த மரம் பெருசா அடம் பிடிக்காது. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கத்து மணல் தரை, சம்பூர் மேட்டுத் தரை, சரளை கலந்த செம்மண் எல்லாத்துலயும் நிக்கும். தண்ணி தேங்கினா மட்டும் சாகும். தம்பலகாமத்துப் பக்கம் வயலுக்கு ஒட்டின களிப்பள்ளத்துல வைக்கப் போகாதீங்க. மாரி நேரம் காணிக்குப் போய் எங்க தண்ணி நிக்குது எண்டு பாத்து வச்சா நல்லம், வெயிலுக்க பாத்தா எல்லாத் தரையும் மேடாத்தான் தெரியும். உவர்த் தரையும் வேண்டாம்.

பேப்பர்தான் பெரிய வேலை. உங்கட கையில இருக்கிறது என்ன எண்டு முதல்ல தெளிவாகுங்க: உறுதியா (சொந்தக் காணிப் பத்திரம்), அரசு தந்த அளிப்புப் பத்திரமா, பெமிட்டா (அரச காணிக்குத் தாற அனுமதிப்பத்திரம்), இல்லாட்டி அப்பப்பா காலத்துல இருந்து செய்யிறோம் எண்ட வாய்ப்பேச்சா. உறுதி எண்டா காணிப் பதிவகத்துல பதிவுப் பிரதி எடுத்து ஆற்ற பேர்ல நிக்குது, அடமானம் ஏதும் இருக்கா எண்டு பாருங்க. பெமிட் எண்டா டி.எஸ். ஒபிஸ்ல (பிரதேச செயலகம்) காணிப் பிரிவுல போய், பெமிட்காரர் உயிரோட இருக்கிறாரா, இல்லையெண்டா பின்னுரித்து, எண்டா அவருக்குப் பிறகு வாற உரிமை, ஆருக்கு எழுதியிருக்கு எண்டதப் பாத்துக்கொள்ளுங்க. எங்கட பக்கம் கனக்கக் காணி செத்துப்போன ஆக்களின்ட பேர்லதான் கிடக்கு, பேர் மாத்தாம, கஜு நடுறதுக்குக் குடுக்கிற மானியத்துக்குப் போனா அதிலயே நிண்டுடும்.

இடம்பெயர்ந்து பல வருஷம் விட்ட காணிகள்ல காடு பத்தியிருக்கும். அப்பிடிக் காணி எண்டா எல்லையில வன இலாகாக் கல்லு போட்டிருக்கா எண்டு பாக்காம டோசர் இறக்காதீங்க. உள்ளுக்க முதிரை, பாலை, பனை நிண்டா சொந்தக் காணியா இருந்தாலும் எழுத்துல அனுமதி எடுத்துட்டுத்தான் வெட்ட வேணும், "ஆரும் கேக்க மாட்டாங்க" எண்டு பக்கத்துக் காணிக்காரர் சொல்றத நம்பாதீங்க, வழக்கு வந்தா அவர் கோட்டுக்கு வரப்போறதில்ல.

3. மாசி, பங்குனியிலயே பைலத் தொடங்குங்க

இலங்கை மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனம் ஒட்டுக்கண்டு குடுக்கும், மானியத் திட்டமும் நடத்தும். மானியம் எவ்வளவு, எத்தனை தவணை எண்டது வருஷத்துக்கு வருஷம் மாறும், அதால போன வருஷம் எடுத்த ஆள் சொல்ற கணக்க வச்சு கடன்பட வேண்டாம், நேர போய்க் கேளுங்க. கண்டும் பதிஞ்ச ஒழுங்குலதான் கிடைக்கும், புரட்டாசியில போய் நிண்டா முடிஞ்சிருக்கும்.

கையோட கொண்டுபோக வேண்டியது:

அடையாள அட்டைப் பிரதி. காணிப் பத்திரப் பிரதி, மூலத்தையும் காட்டக் கொண்டுபோங்க. சேவையர் பிளான் இருந்தா அதுவும். காணி உங்கட அனுபவத்துல இருக்கு எண்டு கிராம சேவையாளர் தாற கடிதம், அதுல டி.எஸ். ஒபிஸ் சீலும். வங்கிப் புத்தகத்துல முதல் பக்கப் பிரதி. எல்லாத்துலயும் ரெண்டு செட்.

பேர் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கா எண்டு வீட்டுல இருந்தே பாருங்க. அடையாள அட்டையில ஒரு மாதிரி, உறுதியில ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்துல இனிஷல் மாறி, இது எங்கட ஆக்களுக்கு சாதாரணம். என்ர கடிதத்தையும் ஒரு இடத்துல ஒரு எழுத்து பிழை எண்டு திருப்பி அனுப்பினாங்க, அதுக்குத் திரும்ப முதல் வாசல்ல இருந்து தொடங்க வேண்டி வந்துது. பேர் வித்தியாசம் இருந்தா சமாதான நீதவானிட்ட, ரெண்டு பேரும் ஒரே ஆளின்ட பேர்தான் எண்டு சத்தியக்கடதாசி எடுத்து பைலுக்க வச்சிடுங்க.

இன்னொண்டு, மானியம் குடுக்க முதல் அதிகாரி வந்து காணியப் பாப்பார். வேலி இல்லாம, துப்புரவு இல்லாம இருந்தா தள்ளி வைக்கலாம். அதனால காசு வந்த பிறகு வேலி அடிக்கலாம் எண்டு நினைக்காதீங்க.

4. வேலிதான் முதல் பெரிய செலவு

கண்டுக்கு போற காசு சின்னன். ஒரு ஏக்கரச் சதுரமா எடுத்தா ஒரு பக்கம் 209 அடி, சுத்தி வர கிட்டத்தட்ட 835 அடி. 5 வரி முள்ளுக்கம்பி எண்டா கிட்டத்தட்ட 4,200 அடி கம்பி வேணும், 8 அடிக்கு ஒரு கட்டை எண்டா 105 கட்டை. இந்த ரெண்டு கணக்கையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்க, சும்மா "ஒரு ஏக்கருக்கு எவ்வளவு முடியும்" எண்டு கேட்டா ஒவ்வொருத்தர் ஒவ்வொரு கதை சொல்லுவாங்க. காணி நீட்டா ஒடுக்கமா இருந்தா சுத்தளவு இன்னும் கூடும்.

காசு மிச்சம் பிடிக்கிறதெண்டா கொங்கிரீட் கட்டை கொஞ்சத்த மூலைகள்லயும் இடையிடையும் வச்சு, மிச்சத்துக்கு கிளிசரியா, கிளுவைத் தடி நடலாம். தடி மாரியில வேர் பிடிச்சு உயிர்வேலியா நிக்கும், கிளிசரியாக் குழை கண்டுக்குப் பசளையாவும் போகும். இந்தப் பக்கம் மாடு அவிழ்த்துவிட்டுத்தான் மேய்க்கிறாங்க, ஒரு ராவுல ஒரு பட்டி உள்ளுக்க வந்தா காலையில ஒரு கண்டும் மிஞ்சாது. யானை வாற பக்கம் எண்டா முள்ளுக்கம்பியால ஒண்டும் ஆகாது, பக்கத்துக் காணிக்காரரோட சேர்ந்து மின்சார வேலிக்கு வழி பாக்க வேணும், தனிய ஒருத்தரா ஒரு ஏக்கருக்கு அந்தச் செலவு கட்டாது.

5. ஒட்டுக்கண்டா, விதைக்கண்டா?

ஒட்டுக்கண்டு. யோசிக்கவே வேண்டாம். விதையில வந்த மரம் தாய்மரம் மாதிரி இருக்கும் எண்டு எந்த உத்தரவாதமும் இல்ல, காய்க்க 4, 5 வருஷமும் போகும், ஒட்டு 2, 3 வருஷத்துலயே பூக்கும். ரோட்டோரத்துல ஒட்டு எண்டு சொல்லி விதைக்கண்டு விக்கிறவங்களும் இருக்காங்க, அதால தண்டுல ஒட்டு போட்ட இடத்த விரலால தடவிப் பாருங்க, மேல் தண்டும் கீழ்த் தண்டும் சேர்ற இடத்துல ஒரு தழும்பு கட்டாயம் தெரியும். பைக்குக் கீழால வேர் வெளிய வந்து சுருண்டு கிடக்கிற பழைய கண்டையும் எடுக்க வேண்டாம், ஆணிவேர் வளைஞ்ச கண்டு எந்தக் காலமும் நேராப் போகாது.

6. நடுறது

ஆவணி, புரட்டாசியில குழி வெட்டுங்க, 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம். மரத்துக்கு மரம் 25 அடி விட்டா ஏக்கருக்கு 70 மரம், 30 அடி விட்டா 48. மண் நல்லமெண்டா மரம் விரிஞ்சு போகும், அப்ப 30 விடலாம், வெறும் மணல் எண்டா 25 காணும். இன்னும் நெருக்கி வச்சா கொப்பு முட்டி, வெளிச்சம் படுற நுனி குறைஞ்சிடும், பூக்கிறது நுனியிலதான்.

மேல்மண்ண ஒரு பக்கம், அடிமண்ண ஒரு பக்கம் போடுங்க. குழி வெயில் காயட்டும். பிறகு மேல்மண்ணோட உக்கின மாட்டெரு கலந்து நிரப்புங்க, மணல் காணியில அடியில ரெண்டு வரி பொச்சுமட்டை வச்சா ஈரம் நிக்கும். ஐப்பசியில நல்ல மழை ரெண்டு மூண்டு விழுந்து, மண் ஆழத்துக்கு நனைஞ்ச பிறகு நடுங்க, முதல் தூறலுக்கே அவசரப்பட வேண்டாம், அதுக்குப் பிறகு ஒரு கிழமை வெயில் எறிக்கிற வருஷமும் இருக்கு. கார்த்திகைக்கு அங்கால தள்ளவும் கூடாது, மழை இருக்கேக்கதான் வேர் கீழ இறங்க வேணும்.

ஒட்டின இடம் கட்டாயம் மண்ணுக்கு மேல நிக்க வேணும். அதுக்குக் கீழால வெடிக்கிற துளிர் எல்லாத்தையும் கிள்ளிப் போடுங்க, விட்டா ஒட்டு செத்து கீழ் மரம் மட்டும் செழிப்பா வளரும், பாக்கிறவங்களுக்கு நல்ல கண்டு மாதிரித்தான் தெரியும். ஒட்டுல சுத்தின பொலித்தீன் நாடாவையும் பாருங்க, தண்டு பருக்கத் தொடங்கினதும் பிளேட்டால கீறி எடுத்துவிட வேணும், இல்லாட்டி அது தண்ட நெரிச்சுடும்.

7. முதல் வெயில் காலம்

சித்திரைக்குப் பிறகு கச்சான் காத்து எடுக்கத் தொடங்கினா ஆவணி வரைக்கும் தரை கொதிக்கும். வளர்ந்த மரம் தாங்கும், முதல் வருஷக் கண்டு தாங்காது. "கஜுவுக்குத் தண்ணி தேவையில்ல" எண்டு சொல்றது பெரிய மரத்துக்குத்தான். கண்டுக்கு ஒருக்கா 10 லீற்றர் எண்டா 70 கண்டுக்கு 700 லீற்றர், கிழமைக்கு ரெண்டு தரம். 1,000 லீற்றர் தாங்கி ஒண்டு காணியில நிக்க வேணும், கிணறு இல்லாட்டி தண்ணி கொண்டுவாற பவுசருக்கும் ஒரு தொகை ஒதுக்குங்க. இன்னொரு வழி, கண்டுக்குப் பக்கத்துல ஒரு மண்முட்டியத் தாட்டு, அடியில சின்ன ஓட்டை போட்டு துணித்திரி வச்சு, வாய மூடி விடுறது. தண்ணி பாதிக்குப் பாதி மிச்சம், பின்னேரம் வந்து நிரப்பிட்டுப் போகலாம். கண்டச் சுத்தி வைக்கோல், காய்ஞ்ச குழை போடுங்க, தண்டுல முட்டாம ஒரு சாண் தள்ளி, முட்டினா கறையான் ஏறும்.

வெயில் காலத்துல நெருப்பும் பயம். எல்லையச் சுத்தி 10 அடிக்காவது புல்ல வழிச்சு வெறுந்தரையா வச்சிருங்க.

முதல் ரெண்டு மூண்டு மாரியிலயும் மரத்துக்கு இடையில கச்சான், பயறு, கௌபி போடலாம், அதுல வாறதுதான் உங்களுக்கு அந்த வருஷங்கள்ல கைச்செலவுக் காசு. முதல் ரெண்டு வருஷம் பூத்தா பூவ உடைச்சு விடுங்க. மனசு கேக்காதுதான், ஆனா மரம் கொப்பு வைக்க வேண்டிய நேரம் அது.

8. பூக்கிற நேரம்

மாரி ஓய்ஞ்ச பிறகு, மார்கழி கடைசி, தையில பூக்கத் தொடங்கும். அந்த நேரம் மழை இழுத்தா, பனி மூடினா பூ கருகும், அத எங்களால தடுக்க ஏலாது. தடுக்கக்கூடியது பூச்சி. தேயிலைக் கொசு எண்டு ஒரு பூச்சி இளந்தளிரிலயும் பூங்கொத்துலயும் குத்தி உறிஞ்சும், குத்தின இடம் கறுத்து நுனி காய்ஞ்சு தொங்கும். மரத்துல முசுறு (இலையச் சேர்த்துக் கூடு கட்டுற சிவந்த எறும்பு) கூடு கட்டியிருந்தா கலைக்காதீங்க, இந்தப் பூச்சிய விரட்டுறது முசுறுதான். கடிக்கும் எண்டு பயப்படவும் தேவையில்ல, நாங்க மரத்துல ஏறப் போறதில்ல, கொட்டை கீழ விழுந்த பிறகுதானே பொறுக்கிறது. மருந்து அடிக்க வேண்டி வந்தா விவசாயப் போதனாசிரியரக் கேட்டு அடியுங்க, காலையில பூ விரிஞ்சு தேனீ வாற நேரத்துல மட்டும் வேண்டாம்.

பெரிய மரத்தக் கொல்றது தண்டு துளைப்பான். மரத்துக்கு அடியில குந்தி இருந்து பாருங்க, சின்ன ஓட்டையால பிசின் வழிஞ்சு, மரத்தூள் மாதிரிக் கழிவு கீழ கொட்டிக் கிடந்தா உள்ளுக்க புழு இருக்கு. இலை மஞ்சளாகிற வரைக்கும் விட்டா காலம் கடந்துடும். பட்டைய மெதுவாச் செதுக்கி, போன பாதையால கம்பி விட்டுப் புழுவ எடுக்க வேணும். காஞ்ச மரத்த அப்பிடியே விட்டா பக்கத்து மரத்துக்கும் போகும், வேரோட கிண்டி அகற்றுங்க.

9. பொறுக்குறது, காயப்போடுறது

பழம் பழுத்துத் தன்பாட்டுல விழ வேணும். கொப்ப உலுப்பிப் பறிச்சா பருப்பு முத்தாது. விழுற காலத்துல ஒவ்வொரு நாளும் பொறுக்குங்க, ஈரத்துல கிடந்தா பருப்பு கறுக்கும், குரங்கும் விடாது. கொட்டையத் திருகி எடுத்து, பழச்சதை ஒட்டாமத் துடைச்சு, 2, 3 நாள் நல்ல வெயில்ல காயப்போடுங்க. கையில எடுத்துக் குலுக்கினா உள்ளுக்க பருப்பு ஆடுற சத்தம் கேக்க வேணும். சணல் சாக்குல கட்டி, சீமெந்துத் தரையில படாமப் பலகைக்கு மேல அடுக்குங்க. பொலித்தீன் உரப்பையில கட்டினா பூஞ்சணம்.

நல்லாப் பராமரிச்ச ஒட்டு மரம் 7, 8 வருஷத்துல 5 கிலோவில இருந்து 10 கிலோ கொட்டை தரும். குறைஞ்ச பக்கத்த வச்சே கணக்குப் போடுங்க: 70 மரம், 350 கிலோ கொட்டை. 5 கிலோ கொட்டை உடைச்சா 1 கிலோ பருப்பு, அப்ப 70 கிலோ பருப்பு. வீட்டுக்கு வாற வியாபாரி கொட்டைக்கு விலை சொல்லேக்க அத அஞ்சால பெருக்கி கடையில பருப்பு என்ன விலை போகுது எண்டதோட வச்சுப் பாருங்க, உடைக்கிற கூலியும் கழிச்சுப் பாருங்க, பிறகு முடிவெடுங்க. அவசரக் காசுக்கு மரத்துல பூ நிக்கேக்கயே தோட்டத்தக் குத்தகைக்குக் குடுக்கிறதுதான் பெரிய நட்டம்.

10. உடைக்கிறது: இதுல கவனம்

தோடு ரெண்டு தட்டா இருக்கும், நடுவில தேன்கூடு மாதிரி இடைவெளிக்குள்ள கறுத்த எண்ணெய். அனக்கார்டிக் அமிலம், கார்டோல் எண்டு அதுல இருக்கிறதுதான் தோலச் சுடுறது. பட்ட உடன தெரியாது, பிறகுதான் கொப்பளிச்சு தோல் உரியும். வெறுங்கையால உடைக்கவே கூடாது. கையுறை போட்டு வேலை செய்ய ஏலாத ஆக்கள் தேங்காயெண்ணெய் பூசி அதுக்கு மேல சாம்பல் தடவுவாங்க, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா திரும்பத் தடவ வேணும். கண்ணத் துடைக்கிறது, பிள்ளையத் தூக்குறது எல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவின பிறகுதான். மாம்பால் பட்டா புண்ணாகிற ஆக்கள் இந்த வேலைக்கே வரவேண்டாம்.

சுட்டு உடைக்கிறதெண்டா வெளியில, புகை உங்களில படாம, காத்து வாற பக்கம் நிண்டு செய்யுங்க. குசினிக்குள்ள தாச்சியில போட்டு வறுக்க வேண்டாம், அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், எண்ணெய் தெறிச்சுத் தீயும் பிடிக்கும். வெயில்ல காய்ஞ்ச கொட்டையச் சுடாம, கால்மிதி மெஷின்ல ரெண்டாப் பிளந்து பருப்ப எடுத்து, பிறகு காயவச்சு மேல்தோல உரிக்கிற முறைதான் சுத்தம், பருப்பும் வெள்ளையா வரும். முழுப்பருப்புக்கு ஒரு விலை, பாதிக்கு ஒரு விலை, நொருங்கினதுக்கு ஒரு விலை, அதால கை பழகின ஆளுக்குக் கூலி கூடக் குடுத்தாலும் நட்டமில்ல.

தோட்ட எறியாதீங்க. அந்த எண்ணெயப் பலகை, மரச்சட்டத்துக்குப் பூசினா கறையான் அண்டாது, கேரளக் கரையில வள்ளத்துக்கும் வலைக்கும் பூசிற பழக்கம் இருந்துது. அடுப்புக்கு மட்டும் தோட்டப் போட வேண்டாம், அதே புகைதான்.

11. பழம், பச்சைக் கஜு

தோடு இறுக முதல் பச்சையாப் பறிச்சு உடைச்ச கஜுவுக்கு, சீசன்ல நல்ல கேள்வி. தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற பச்சைக் கஜுக் கறிக்கு ஈடு எங்கட சைவச் சாப்பாட்டுல எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. பச்சைத் தோட்டுல பால் இன்னும் கூட, கை கவனம்.

பழத்துல விட்டமின் சி தோடம்பழத்த விட பல மடங்கு, ஆனா துவர்ப்புல தொண்டையப் பிடிக்கும். துண்டு போட்டு உப்புத்தண்ணியில ஊறவச்சுச் சாப்பிடலாம். ஜூஸ் எண்டா பிழிஞ்ச சாறுக்குள்ள ஆறின அரிசிக்கஞ்சி கொஞ்சம் விட்டுக் கலக்கி வையுங்க, துவர்ப்பு எல்லாம் திரண்டு அடியில படியும், மேல தெளிஞ்சத வடிச்செடுங்க. ஒரு நாளுக்கு மேல பழம் நிக்காது. கோவாவில இதுல ஃபெனி எண்டு சாராயம் வடிப்பாங்க, இஞ்ச வீட்டுல வடிக்கப் போனா அது கசிப்புக் கேஸ்.

மலேசியா, இந்தோனேசியாவில இளங்கொழுந்தப் பச்சையாச் சம்பலோட சாப்பிடுறாங்க. பிரேசில்ல பட்டைய அவிச்சு வயித்தோட்டத்துக்குக் குடிக்கிறாங்க, அத நீங்க வீட்டுல செய்து பாக்க வேண்டாம், வயித்தோட்டத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

12. விக்கிறது

கொட்டை விழுந்து முடியிற நேரமும் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வாற சீசன் தொடங்குற நேரமும் ஒண்டு, அந்த சீசன் வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும். கோணேசர் கோயிலுக்கு வாற சனமும் இருக்கு. அதால பருப்ப எல்லாத்தையும் சித்திரையிலயே மொத்தமாத் தள்ளிவிடாம, பாதியக் காத்துப்போகாத டின்ல வச்சு பக்கெட்டா விடலாம்.

பக்கெட்ல போட்டு விக்கிறதெண்டா டி.எஸ். ஒபிஸ்ல வியாபாரப் பதிவு, உங்கட உள்ளூராட்சிச் சபையில வியாபார அனுமதி, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து இடத்தப் பாக்கிறது, இந்த மூண்டும் வேணும். பி.எச்.ஐ. பாக்கிறது தரை, தண்ணி, ஈ வராத வலை, வேலை செய்யிற ஆக்களின்ட மருத்துவச் சான்று. லேபல்ல பொருளின்ட பேர், சேர்த்த சாமான், நிகர எடை, செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், விலாசம் எல்லாம் வேணும், மூண்டு மொழியிலயும் அடிச்சா பிறகு வில்லங்கம் இல்ல. கஜு சிலருக்குக் கடும் ஒவ்வாமை, அதையும் தெளிவாப் போடுங்க. லேபல ஆயிரக்கணக்குல அடிக்க முதல் ஒரு மாதிரிய பி.எச்.ஐ.யிட்டக் காட்டிக் கேளுங்க, ஒரு வரி விடுபட்டாலும் அவ்வளவையும் திரும்ப அடிக்க வேண்டி வரும். பதிவு வேலைய மாசிக்கு முதலே முடிச்சு வச்சா, முதல் சாக்கு காய்ஞ்ச உடனயே பக்கெட் போடத் தொடங்கலாம்.